வலிக்கும் முழங்காலும் வலிக்காத மூளையும்

சென்ற கோடை விடுமுறையில் ஒரு நாள் என் மகன் ஒரு படிவத்தைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்தான். ஒன்பதாம் வகுப்புக்குப் போகிறவன். பள்ளியின் கால்பந்து அணியில் சேரப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும். இரண்டு கையெழுத்துகள். ஒன்று பொதுவான ஒப்புதலுக்கு. இன்னொன்று, தலையில் அடிபட்டால் என்னவாகும் என்று விளக்கும் தாளைப் படித்துப் புரிந்துகொண்டேன் என்பதற்கு. அந்தப் படிவம் ஒரு வாரம் உப்புக் குப்பிக்கு அடியிலேயே கிடந்தது.

அதற்கு முந்தைய குளிர்காலத்தில் இதே பையன் கூடைப்பந்து அணிக்கான படிவத்தைக் கொண்டுவந்தபோது, காரில் சாய்ந்து நின்றபடியே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அதிலும் இதே எச்சரிக்கைத் தாள், இதே வாசகங்களுடன் இருந்தது என்பதை இப்போதுதான் கவனித்தேன். அன்று அதைப் படிக்கவே இல்லை. ஒரே தாள் ஓர் ஆட்டத்துக்கு வெறும் சம்பிரதாயமாகவும், மற்றோர் ஆட்டத்துக்கு ஒரு வார உறக்கத்தைக் கெடுப்பதாகவும் எப்படி ஆயிற்று? அந்தக் கேள்வியிலிருந்துதான் இக்கட்டுரை பிறந்தது.

தொடங்குமுன் ஒரு விளக்கம். இங்கே கால்பந்து என்று நான் சொல்வதெல்லாம் அமெரிக்கக் கால்பந்தைத்தான். உலகம் முழுவதும் கால்பந்து எனப்படும் ஆட்டத்தை இந்நாட்டினர் சாக்கர் என்பார்கள். முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுகிற, காலுக்கும் பந்துக்கும் அதிக உறவில்லாத ஓர் ஆட்டத்துக்குக் கால்பந்து என்று பெயர் வைத்தவர்களின் நகைச்சுவை உணர்வைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும்.

நாங்கள் இருப்பது ஒஹையோ மாநிலத்தின் வடகிழக்கு மூலையில். லெப்ரான் ஜேம்ஸ் பிறந்து வளர்ந்த ஆக்ரன் நகரும், தொழில்முறைக் கால்பந்தின் புகழ் மண்டபம் அமைந்திருக்கும் காண்டன் நகரும் ஒரே நெடுஞ்சாலையில் அரை மணி நேரத் தொலைவில் இருக்கின்றன. ஆகவே எங்கள் ஊர் நண்பர்கள் கூடும்போதெல்லாம் ஒரு விவாதம் தவறாமல் வரும். எந்த ஆட்டம் உடலை அதிகம் வருத்துகிறது, கால்பந்தா கூடைப்பந்தா? முரட்டு மோதலைக் காட்டி ஒரு தரப்பு பேசும். 82 ஆட்டங்களைக் காட்டி மறுதரப்பு பேசும். இரண்டு தரப்பும் சரி என்பதே என் எண்ணம். கேள்விதான் தவறு. அதைச் சொல்வதற்கு முன் இரு தரப்பு நியாயங்களையும் கொஞ்சம் பார்த்துவிடலாம்.

என்எஃப்எல் என்ற தொழில்முறைக் கால்பந்தில் ஓர் அணி பருவத்துக்கு 17 ஆட்டங்கள் ஆடுகிறது. 2021க்கு முன் இது 16ஆக இருந்தது. வாரத்துக்கு ஓர் ஆட்டம். மூன்று மணி நேரம் ஒளிபரப்பாகும் ஓர் ஆட்டத்தில் பந்து உண்மையிலேயே இயங்கும் நேரம் சுமார் 11 நிமிடங்கள்தான் என்று 2010இல் ஓர் அமெரிக்க நாளிதழ் கடிகாரம் வைத்துக் கணக்கிட்டது. ஐந்தாறு விநாடி வெடிப்பு, அரை நிமிடத்துக்கும் மேலான இடைவெளி, மறுபடி வெடிப்பு. அந்த ஐந்தாறு விநாடிகளில் நடப்பதுதான் விஷயம். முன்வரிசையில் நிற்பவர்களில் பெரும்பாலோர் 300 பவுண்டைத் தொட்டவர்கள் அல்லது தாண்டியவர்கள். நம் கணக்கில் 136 கிலோ. அந்த எடை தன் எதிரே உள்ள அதே எடையின் மேல் பாய்கிறது. ஒரு வாரம் இடைவெளி விடுவது தாராள மனத்தால் அல்ல. அதற்குள் உடல் திரும்பி வராது.

என்பிஏ கூடைப்பந்தின் கணக்கு வேறு. அரை ஆண்டுக்குள் 82 ஆட்டங்கள். சில சமயம் அடுத்தடுத்த இரவுகளில், இரு வேறு நகரங்களில். நடுவில் நள்ளிரவு விமானம். ஓர் ஆட்டத்துக்கு 48 நிமிடங்கள். தொடர்ந்து களத்தில் நிற்பவர் சுமார் நான்கு கிலோமீட்டர் ஓடுகிறார். ஓடுவது பெரிதல்ல. பாய்ந்து, சடாரென்று நின்று, திரும்பி, எம்பி, இறங்கும்போது உடல் எடையின் பல மடங்கு விசை கணுக்காலிலும் முழங்காலிலும் விழுகிறது. தரையோ மரப்பலகை. இறங்குபவரோ பெரும்பாலும் ஆறரை அடிக்காரர். மனித எலும்புக்கூடு இந்த உயரத்தையும் இந்தத் தாவலையும் சேர்த்துக் கணக்கில் கொண்டு அமைந்ததல்ல.

இதற்குப் பில் வால்டனைவிடப் பெரிய சாட்சி இல்லை. 1977இல் போர்ட்லண்ட் அணிக்குக் கோப்பை வாங்கித் தந்தவர். மறு ஆண்டு இறுதிச்சுற்றுத் தொடரில் வலிக்கும் பாதத்தில் ஊசி போட்டுக்கொண்டு ஆடினார். பிறகு எடுத்த எக்ஸ்ரே படத்தில் பாத எலும்பு முறிந்திருந்தது தெரிந்தது. அதன்பின் முழுதாக ஆடமுடியாமல் போன பருவங்கள் பல. வாழ்நாளில் முப்பதுக்கும் மேற்பட்ட அறுவைச் சிகிச்சைகள். வயதான காலத்தில் முதுகுவலி தாளாமல் வாழ்வையே முடித்துக்கொள்ள நினைத்ததாக அவரே வெளிப்படையாகச் சொன்னார். சிகிச்சையால் அதிலிருந்து மீண்டு, பிறகு பல ஆண்டுகள் வர்ணனையாளராகச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்து, 2024இல் மறைந்தார். ஏழரை அடி உயரமுள்ள சீனாவின் யாவ் மிங் மீண்டும் மீண்டும் வந்த பாத எலும்பு முறிவுகளால் 2011இல், முப்பது வயதில், ஓய்வு பெற்றார்.

குதிகாலுக்கு மேலே உள்ள அக்கிலிஸ் தசைநாண் இன்னொரு கதை. 2025 இறுதிச்சுற்றுத் தொடரில் எட்டே வாரங்களுக்குள் டேமியன் லில்லர்ட், ஜேசன் டேட்டம், டைரீஸ் ஹாலிபர்டன் என்ற மூன்று நட்சத்திரங்களுக்கு அது அறுந்தது. ஹாலிபர்டனுக்கு அறுந்தது சாம்பியன் யார் என்பதைத் தீர்மானிக்கும் ஏழாவது ஆட்டத்தில். மூவரில் யாரையும் எதிராளி மோதி வீழ்த்தவில்லை. தங்கள் பாய்ச்சலின் விசையைத் தங்கள் உடலே தாங்காமல் விழுந்தார்கள்.

ஆக, கூடைப்பந்து பூப்பந்து அல்ல. அடிபடுவோரின் எண்ணிக்கையை மட்டும் வைத்துத் தராசைத் தூக்கினால், கூடைப்பந்துத் தட்டு நாம் நினைப்பதைவிடக் கனமாகவே இருக்கும். எனினும் அந்தக் காயங்களுக்கு ஒரு பொதுப்பண்பு உண்டு என்று எனக்குத் தோன்றுகிறது. அவை பேசுகின்றன. 2013 ஏப்ரலில் கோபி பிரையன்ட்டுக்குத் தசைநாண் அறுந்தபோது, அவர் நொண்டியபடியே சென்று தனக்குரிய இரண்டு தனி எறிகளையும் கூடையில் போட்டுவிட்டுத்தான் களத்தைவிட்டு வெளியேறினார். அவருக்குத் தெரியும். மருத்துவருக்குத் தெரியும். தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்த எனக்கும் தெரிந்தது. முழங்கால் வலிக்கும், வீங்கும், படத்தில் தெரியும். வலி என்பது உடல் நமக்கு எழுதும் கடிதம். அதைப் படிக்காமல் கிழித்துப் போடலாம்; வால்டன் விஷயத்தில் அதுதான் நடந்தது. ஆனாலும் கடிதம் வந்தது என்பதில் ஐயமில்லை.

கால்பந்திலும் பேசும் காயங்கள் உண்டு. எல்லோரும் நினைவில் வைத்திருப்பவை அவைதான். 1978 ஆகஸ்டில், கணக்கில் சேராத ஒரு பயிற்சி ஆட்டத்தில், ஜாக் டேட்டம் மோதியதில் டாரில் ஸ்டிங்லியின் கழுத்தெலும்பு முறிந்தது. 2007இல் இறக்கும்வரை அவர் எழுந்து நடக்கவில்லை. அந்த மோதலுக்கு அன்றைய விதிகளின்படி தண்டனை ஏதும் விதிக்கப்படவில்லை. 2023 ஜனவரி 2ஆம் தேதி இரவு சின்சினாட்டியில் எதிராளியை மடக்கிப் பிடித்த டமார் ஹாம்லின், எழுந்து நின்று, இரண்டடி வைத்து, பின்புறமாகச் சாய்ந்தார். மார்பில் பட்ட அடியால் இதயம் நின்றிருந்தது. களத்திலேயே மார்பை அழுத்தி உயிரை மீட்டார்கள். ஆட்டம் பாதியில் நிறுத்தப்பட்டது. அவர் பிழைத்து மீண்டும் ஆடவும் வந்துவிட்டார். அன்றிரவு நாடே விழித்திருந்தது.

ஆனால் என் மேசையில் கிடந்த படிவம் என்னைத் தூங்கவிடாமல் செய்தது இந்தக் காட்சிகளால் அல்ல. ஹாம்லினுக்கு நேர்ந்தது அரிதினும் அரிது. என்னை உறுத்தியது காட்சியே இல்லாத இன்னொரு காயம்.

மைக் வெப்ஸ்டரின் கதையைச் சிலர் 2015இல் வந்த கன்கஷன் என்ற திரைப்படத்தின் வழியாக அறிந்திருப்பீர்கள். பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணியின் நடுவர். நடுவர் என்றால் தீர்ப்புச் சொல்பவர் அல்ல. முன்வரிசையின் நடுவில் நின்று, பந்தைக் கால்களுக்கிடையே பின்னால் கொடுத்துவிட்டு, அடுத்த கணமே எதிரே நிற்பவனின் மேல் பாய வேண்டியவர். 1974 முதல் 1990 வரை 17 பருவங்கள், 245 ஆட்டங்கள், நான்கு சூப்பர் பௌல் வெற்றிகள். ஆட்டத்துக்கு ஐம்பது மோதல்கள் என்று குறைத்து வைத்தாலும் பன்னிரண்டாயிரத்தைத் தாண்டுகிறது. பயிற்சியில் நடந்தவை இதில் சேராது. எல்லாமே தலையில் பட்டவை அல்ல. பட்டவற்றிலும் பெரும்பாலானவை மயக்கத்தை உண்டாக்காதவை. எழுந்து, தூசியைத் தட்டி, அடுத்த முறைக்குக் குனிந்து நிற்கக்கூடியவை. எந்த ஒளிபரப்பும் மறுபடி ஓட்டிக் காட்டாதவை.

ஓய்வுக்குப் பின் வெப்ஸ்டரின் நினைவு சிதறியது. குடும்பம் பிரிந்தது. சில காலம் தன் சரக்கு வண்டியிலேயே படுத்துறங்கினார். 2002இல், ஐம்பது வயதில், மாரடைப்பில் இறந்தார். பிட்ஸ்பர்க்கில் பிணக்கூறாய்வு மருத்துவராக இருந்த நைஜீரியாக்காரர் பென்னட் ஒமாலு அந்த மூளையைப் பார்த்தபோது வெளித்தோற்றத்தில் அது இயல்பாகவே இருந்தது. அவர் அதோடு விட்டிருக்கலாம். விடாமல், மெல்லிய சீவல்களாக்கிச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தார். டௌ என்ற புரதம் இருக்கக்கூடாத இடங்களில் திரண்டு கிடந்தது. 2005இல் அவரும் உடனாய்வாளர்களும் அதைக் கட்டுரையாக வெளியிட்டார்கள். சிடிஇ என்று சுருக்கமாகச் சொல்லப்படும் மூளைச் சிதைவு நோய் அது. தலையில் திரும்பத் திரும்பப் படும் அடிகளால் வருவது.

என்எஃப்எல் அமைத்திருந்த மூளைக்காய ஆய்வுக் குழு அக்கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டும் என்று இதழுக்கு எழுதியது. வேடிக்கை என்னவென்றால், அதே விளையாட்டின் ஓய்வூதிய வாரியம் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே, 1999இல், வெப்ஸ்டரின் இயலாமைக்குக் களத்தில் பட்ட தலையடிகளே காரணம் என்று ஏற்று உதவித்தொகை வழங்கியிருந்தது. ஒரு கை ஒப்புக்கொண்டதை மறு கை மறுத்துக்கொண்டிருந்தது. கால்பந்துக்கும் இந்நோய்க்கும் தொடர்பு உண்டு என்று என்எஃப்எல்லின் மூத்த அதிகாரி ஒருவர் பொதுவில் ஒப்புக்கொண்டது 2016 மார்ச்சில்.

இதனிடையே 2011இல், சிகாகோ பேர்ஸ் அணியில் புகழ்பெற்ற டேவ் டியூர்சன், தன் மூளையை ஆய்வுக்குக் கொடுக்கும்படி கேட்டு எழுதிவைத்துவிட்டுத் தன்னை மாய்த்துக்கொண்டார். தனக்கு என்ன ஆகியிருக்கிறது என்று தெரிந்துகொள்ள அவருக்கு வேறு வழி இல்லை. ஏனெனில் சிடிஇயை இன்றும் இறப்புக்குப் பிறகுதான் உறுதிசெய்ய முடியும். அவருக்கு அந்நோய் இருந்தது பின்னர் உறுதிப்பட்டது.

2017இல் பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட எண் உலகெங்கும் தலைப்புச் செய்தியானது. முன்னாள் என்எஃப்எல் ஆட்டக்காரர்கள் 111 பேரின் மூளைகளில் 110இல் இந்நோய். இந்த எண்ணைக் கவனமாகக் கையாள வேண்டும். அவை குடும்பத்தார் கொடையாக அளித்த மூளைகள். அறிகுறிகளைக் கண்டு கவலைப்பட்டவர்களே பெரும்பாலும் அளித்திருப்பார்கள். எனவே நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேருக்கு நோய் என்று இதற்குப் பொருள் இல்லை. ஆய்வாளர்களே அதைச் சொல்லியிருக்கிறார்கள். என்னை அதைவிட அதிகம் யோசிக்கவைத்தது 2019இல் அவர்கள் வெளியிட்ட இன்னொரு முடிவு. கொடையாகப் பெற்ற 266 மூளைகளில், கால்பந்து ஆடிய ஒவ்வோர் ஆண்டுக்கும் நோயின் வாய்ப்பு சுமார் 30 விழுக்காடு கூடியிருந்தது. மயக்கம்போட்டு விழுந்தது எத்தனை முறை என்பதைவிட, எத்தனை ஆண்டுகள் ஆடினார் என்பதே முக்கியமாகிறது. அதாவது ஆபத்து விபத்தில் இல்லை. அன்றாட ஆட்டத்தில் இருக்கிறது.

இரு ஆட்டங்களுக்கும் இடையிலுள்ள உண்மையான வேறுபாடு இதுதான் என்று நினைக்கிறேன். கூடைப்பந்தில் காயம் ஆட்டத்தின் விளைவு. கால்பந்தில் மோதல் ஆட்டத்தின் கருவி. கூடைப்பந்தில் இருவர் மோதினால் ஊதல் ஒலிக்கும், ஆட்டம் நிற்கும். கால்பந்தில் மோதல் நின்றால் ஆட்டமே நின்றுபோகும். கூடைப்பந்திலும் தலைகள் தரையில் மோதுவதுண்டு. ஆனால் அவற்றை எண்ணிவிடலாம். கால்பந்தின் முன்வரிசைக்காரன் தன் தலையடிகளை எண்ண முடியாது. எண்ணத் தோன்றுவதும் இல்லை, ஏனென்றால் அவற்றில் பல வலிப்பதில்லை. மூளைக்கு வலி உணரும் நரம்புகள் இல்லை என்பதை நாம் ஏதோ பொது அறிவுத் துணுக்காகப் படித்திருப்போம். இந்த ஆட்டத்தில் அதற்கு எவ்வளவு பொருள் இருக்கிறது!

இனிச் சொல்லப்போவது எனக்கு நெடுநாளாகவே ஆறாத விஷயம். அதிக ஆபத்து உள்ள வேலைக்கு அதிகப் பாதுகாப்பு இருக்க வேண்டும் என்பது சாதாரண நியாயம். இங்கே தலைகீழ். கெவின் டுரான்ட்டுக்கு 2019 ஜூனில் அக்கிலிஸ் அறுந்தது. ஒரு மாதம் கழித்து, நடக்கவே ஊன்றுகோல் தேவைப்பட்ட நிலையில், புரூக்ளின் அணி அவருடன் நான்கு ஆண்டுகளுக்குச் சுமார் 16 கோடி டாலருக்கு ஒப்பந்தம் செய்தது. அடுத்த பருவம் முழுவதும் அவர் ஒரு பந்தும் தொடவில்லை; ஊதியம் வந்தது. கூடைப்பந்தில் ஒப்பந்தத் தொகை பெரும்பாலும் உறுதியளிக்கப்பட்டது. கால்பந்தில் செய்தித்தாள் தலைப்பில் வரும் தொகை ஒன்று, உறுதியான தொகை வேறொன்று. காயத்தோடு இருப்பவரைக் கைவிரித்து அனுப்பிவிட முடியாது என்பது உண்மை. அந்தப் பருவத்துக்கு ஊதியமோ ஈடோ உண்டு. ஆனால் அதற்கடுத்த ஆண்டுகளுக்கு எழுதப்பட்ட எண்கள் பெரும்பாலோருக்குக் காகிதத்தில் உள்ள எண்களே. சராசரி ஆட்டக்காரரின் தொழில் ஆயுள் மூன்றரை ஆண்டுகூட இல்லை என்று ஆட்டக்காரர் சங்கமே சொல்லிவந்திருக்கிறது.

ஏன் இப்படி? கூடைப்பந்து அணியில் முழு ஒப்பந்தக்காரர்கள் 15 பேர். ஐந்து பேர் ஆடுகிறார்கள். முகம் தெரிகிறது, வியர்வை தெரிகிறது, வலி தெரிகிறது. ஒருவர் போனால் அணியே கவிழ்ந்துவிடும். எனவே அவர்களைச் சொத்தாக மதித்து, ஆடக்கூடிய நாளிலும் ஓய்வு கொடுத்து உட்காரவைக்கிறார்கள். 2012இல் சான் அன்டோனியோ அணி தன் நட்சத்திரங்களை மயாமி ஆட்டத்துக்கு முன்பே வீட்டுக்கு அனுப்பியதற்காக இரண்டரை லட்சம் டாலர் அபராதம் கட்டியது. இன்று பெரிய விருதுகளைப் பெறவே குறைந்தது 65 ஆட்டங்கள் ஆடியிருக்க வேண்டும் என்று விதி போட்டிருக்கிறார்கள். ஆட்டக்காரர்கள் போதிய அளவு உடலை வருத்திக்கொள்வதில்லை என்பதுதான் அங்கே உள்ள குறை! கால்பந்து அணியில் 53 பேர். முகத்தைக் கம்பிக் கவசம் மறைக்கிறது. பந்தை எறிபவரின் பெயர் எல்லோருக்கும் தெரியும். அவரைக் காப்பதற்காக மோதிக்கொண்டே இருக்கும் ஐவரின் பெயரை அந்த ஊர்க்காரர்களிடம் கேட்டாலே தயங்குவார்கள். பெயர் தெரியாத உடலை மாற்றுவது எளிது.

முன்னாள் ஆட்டக்காரர்கள் தொடுத்த வழக்கு ஒப்பந்தத்தில் முடிந்து, நூறு கோடி டாலருக்கு மேல் வழங்கப்பட்டது. நல்லதுதான். ஆனால் அந்தத் தொகையைப் பெற மூளைத்திறன் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று அளந்தபோது, கறுப்பினத்தவருக்குத் தொடக்கத்திலேயே திறன் குறைவு என்று வைத்துக் கணக்கிடும் முறை பயன்பட்டது. தொடக்கமே தாழ்வு என்றால் இழப்பும் குறைவு, ஈடும் குறைவு. களத்தில் பெரும்பான்மையினர் கறுப்பினத்தவராக உள்ள ஓர் ஆட்டத்தில் இது நடந்தது. எதிர்ப்பு எழுந்த பிறகு, 2021இல்தான் அதைக் கைவிட ஒப்புக்கொண்டார்கள்.

மறுதரப்பு நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். ஆட்டம் மாறிவருகிறது. தலையைத் தாழ்த்தி முட்டுவது 2018 முதல் தண்டனைக்குரியது. முழு மோதல் பயிற்சிகள் 2011 ஒப்பந்தத்திலேயே வெகுவாகக் குறைக்கப்பட்டன. 1905இல் ஒரே பருவத்தில் பதினெட்டுப் பேராவது இறந்தபோது, குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் கல்லூரிக்காரர்களை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசினார். மறு ஆண்டு பந்தை முன்னோக்கி எறிய அனுமதி கிடைத்தது. இன்று இந்த ஆட்டத்தின் அழகு என்று நாம் ரசிக்கும் அந்த நீண்ட எறி, சாவுகளைக் குறைப்பதற்காகச் செய்த திருத்தங்களில் ஒன்று. ஆகவே இவ்வாட்டம் திருந்தாது என்று சொல்ல மாட்டேன். திருத்தங்கள் பேசும் காயங்களைக் குறைக்கும். பேசாத காயம் ஆட்டத்தின் அடிப்படையிலேயே இருப்பதால் அதை என்ன செய்வார்கள் என்பதுதான் என் ஐயம்.

விருப்பப்பட்டுத்தானே ஆடுகிறார்கள் என்பார்கள் சிலர். அன்டோனியோ கேட்ஸ் கல்லூரியில் கூடைப்பந்து ஆடியவர். கல்லூரிக் கால்பந்து ஆடியதே இல்லை. ஆறடி நாலங்குலம் அவருடைய இடத்துக்குத் தொழில்முறைக் கூடைப்பந்தில் குள்ளம் என்பதால் கால்பந்துக்கு வந்து, 2025இல் காண்டன் புகழ் மண்டபத்தில் இடம்பெற்றார். லெப்ரானோ பள்ளியில் மாநில அளவில் பாராட்டுப் பெற்ற கால்பந்துக்காரர். அதை விட்டுவிட்டுக் கூடைப்பந்துக்குப் போனார். நாற்பதைத் தாண்டியும் ஆடினார். சில அங்குலங்கள் ஒருவனை எந்தக் களத்தில் நிறுத்துகின்றன என்பதைப் பார்க்கும்போது, விருப்பம் என்ற சொல்லைக் கொஞ்சம் மெதுவாகவே உச்சரிக்கத் தோன்றுகிறது. உண்மையிலேயே விருப்பப்படி நடந்தவர் ஒருவர் உண்டு. சான் ஃபிரான்சிஸ்கோ அணியின் கிறிஸ் போர்லண்ட், மிகச் சிறந்த ஒரு பருவம் ஆடிவிட்டு, 2015இல், இருபத்துநான்கு வயதில், தலைக்காயத்துக்கு அஞ்சி விலகினார். கையெழுத்திட்டபோது பெற்ற ஊக்கத்தொகையில் பெரும்பகுதியைத் திருப்பித் தர வேண்டியதாயிற்று.

தொழில்முறை ஆட்டக்காரனுக்காவது கோடிகள் உண்டு, அவன் வயதுவந்தவன் என்று சொல்லிக்கொள்ளலாம். பதினான்கு வயதுப் பையனுக்காகக் கையெழுத்திடுபவன் அவன் அல்லன். மேசையில் கிடந்த அந்த எச்சரிக்கைத் தாளுக்குப் பின்னால்கூட ஒரு சிறுவன் இருக்கிறான். 2006இல் வாஷிங்டன் மாநிலத்தில் பதின்மூன்று வயது சாக்கரி லிஸ்டெட் தலையில் அடிபட்ட பின்னும் மறுபடி ஆட அனுப்பப்பட்டு, மூளை பாதிக்கப்பட்டு, மீண்டும் நடக்கப் பல ஆண்டுகள் ஆயின. அவன் பெயரில் 2009இல் அங்கே இயற்றிய சட்டம், ஐந்தாண்டுகளுக்குள் ஏதோ ஒரு வடிவில் ஐம்பது மாநிலங்களிலும் பரவியது. தலைவலி, வாந்தி, ஒளியைக் கண்டால் கூச்சம் என்று அறிகுறிகளைப் பட்டியலிடுகிறது அந்தத் தாள். நல்ல தாள். ஆனால் அது பேசும் காயத்தைப் பற்றியது. அறிகுறியே இல்லாத அடிகளைப் பற்றி அந்தத் தாள் என்ன சொல்ல முடியும்?

நான் கையெழுத்துப் போடவில்லை. மகனை உட்காரவைத்து, மேலே எழுதியவற்றில் பாதியைச் சொன்னேன். வெப்ஸ்டரைப் பற்றிச் சொன்னேன். அந்த ஆண்டுக் கணக்கைச் சொன்னேன். கூடைப்பந்தில் உன் முழங்கால் போகலாம், எனக்குச் சம்மதம் என்றுகூடச் சொன்னேன். அவன் குறுக்கிடாமல் கேட்டான். முடித்த பிறகு ஒன்றே ஒன்று கேட்டான்.

"நீங்க ஞாயித்துக்கிழமை பார்க்கறதை நிறுத்திடுவீங்களாப்பா?"

என்னிடம் பதில் இல்லை. பதினைந்து ஆண்டுகளாக ஒவ்வோர் இலையுதிர்காலத்திலும் ஞாயிறு மதியங்களில் நான் அந்த ஆட்டத்தைப் பார்த்துவருகிறேன். அதன் அழகை, அதன் சதுரங்கத் தந்திரங்களை நண்பர்களுக்கு விளக்கியிருக்கிறேன். மூன்றாம் முறையில் பதினெட்டு கெஜம் போக வேண்டிய நேரத்தில் எழுந்து நின்று கத்தியிருக்கிறேன். என் மகனுக்கு வேண்டாம் என்று நான் மறுத்த அதே வேலையை, வேறு யாரோ ஒருவரின் மகன் எனக்காகச் செய்துகொண்டிருக்கிறான். தன் பிள்ளையை அனுப்ப மறுக்கும் ஆட்டத்தை ஒருவன் ரசிக்கலாமா என்ற கேள்விக்கு, ரசிக்கக்கூடாது என்றுதான் என் அறிவு சொல்கிறது. இதை எழுதும் வரைக்கும் தொலைக்காட்சிச் சந்தாவை நான் ரத்து செய்யவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

சில வாரங்கள் கழித்து அவனை அழைத்துக்கொண்டு காண்டன் மண்டபத்துக்குப் போனேன். அங்கே ஒவ்வொரு வீரருக்கும் ஒரு வெண்கலச் சிலை. கழுத்துக்கு மேலே மட்டும். தேடி, வெப்ஸ்டரைக் கண்டுபிடித்தோம். அவன் அந்த நெற்றியைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். திரும்பும் வழியில் இருவரும் அதிகம் பேசவில்லை. கூடைப்பந்துப் படிவம் நவம்பரில் வரும் என்றான். முழுவதும் படித்துவிட்டுக் கையெழுத்திடுகிறேன் என்றேன்.